மடை பார்க்கப் போனவர்

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று வீரபாண்டி ஊரே நடுங்கிய வருஷத்தில், கருத்தக்கண்ணனுக்குப் பயமெல்லாம் வயல் மடை மேல்தான். அது உடைந்தால் அறுப்புக்கு நிற்கும் நெல் சாய்ந்துவிடும். களிமண் வைத்து அடைத்து, மிதித்துவிட்டு, வீட்டுக்குப் பாதி வழி வந்ததும் நெஞ்சு படபடக்கும். சரியாக அடைத்தோமா? திரும்பிப் போவார். அடைத்துத்தான் இருக்கும். மறுபடி பாதி வழி, மறுபடி படபடப்பு. சோறு தினமும் ஆறிப்போகும்.

அன்று மதியம் மனைவி ராமுத்தாய் வாசலை மறித்து நின்றாள்.

“இன்னைக்குப் போகக் கூடாது. உக்காந்து சாப்பிடுங்க.”

வேர்த்து வடிய உட்கார்ந்தார். ஒரு கவளம்கூட இறங்கவில்லை.

“மடைகிட்ட யாரு குனிஞ்சு நிக்கிறது?” என்றாள் ராமுத்தாய்.

எட்டிப் பார்த்தார். அவருடைய வளைந்த முதுகு. அவருடைய கிழிந்த சிவப்புத் துண்டு. தம் தோளைத் தொட்டார்; துண்டு அங்கேயும் இருந்தது.

அந்த ஆள் மடையை மிதித்துவிட்டு வீட்டை நோக்கி வந்தார். பாதி வழியில் இருந்த புளியமரத்தடியில் நின்றார். நெஞ்சில் கை வைத்தார். மடைக்கே திரும்பி நடந்தார்.

கருத்தக்கண்ணனுக்குப் படபடப்பு அடங்கிவிட்டது. சோற்றைப் பிசைந்தார்.

“பாவம் அந்த மனுசன். இன்னைக்கும் சோறு ஆறிப்போயிரும்.”

ராமுத்தாய் இன்னொரு வட்டிலில் சோறு போட்டு மூடி வைத்தாள்.