தரையிறங்க ஓர் இடம்

அந்த மனிதர் மைக்கைப் பிடித்ததுமே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது மூன்றாவது விசாரணைக் கூட்டம். அதே வாய், அதே பேச்சு.

"எஞ்சினே இல்லாத விமானம் சார். அதுல பள்ளிக்கூடப் பிள்ளைங்களை ஏத்தி எங்க கூரைக்கு மேல விடறாங்க. மைதானத்தை இழுத்து மூடுங்க" என்றார் குடியிருப்போர் சங்கத் தலைவர்.

விமானத்துறை அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். கிளைடர் பயிற்சியாளர் அவள்தான். காலையிலிருந்து விமானங்களைக் கொட்டகையிலிருந்து தள்ளித் தள்ளித் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. மேசையில் கை ஊன்றி எழுந்தாள்.

"வீடுங்க வர்றதுக்கு முன்னாடியே மைதானம் இருக்கு சார். இங்க பறந்து பழகின பிள்ளைங்க..." தொண்டை கட்டிக்கொண்டது. இருமல் நிற்கவேயில்லை.

உதவியாளர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"ஐஸ் தண்ணியைக் குடுக்காதீங்க, அவங்களுக்கு ஆகாது. வெந்நீர் கொண்டு வாங்க" என்று எரிந்து விழுந்தார் தலைவர். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

வெந்நீர் உள்ளே இறங்கியதும் அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் தலைவர் குறுக்கே புகுந்தார்.

"போன மாசம் கயிறு அறுந்துச்சே, அதைச் சொல்லச் சொல்லுங்க சார்! மேல இழுத்துவிடற கயிறு பாதியிலேயே அறுந்து, அந்தப் பொண்ணு எங்க மொட்டைமாடித் துணிக்கொடியை உரசிக்கிட்டுப் போச்சு!"

"போச்சு. ஆனா பதறாம திருப்பிக் கொண்டுவந்து ஓடுபாதையிலயே இறக்கினா. அதைத்தான் சார் நான் சொல்லித் தர்றேன்."

"அடுத்த தடவை இறக்கலைன்னா?"

அவர் குரல் உடைந்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் இந்தக் கேள்வி வந்ததும் செய்வதுபோலவே அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். அவருக்கும் அலுத்துவிட்டது.

"இந்த மாசத்தோட மூடிடலாம். கிளைடருங்களை வேற ஊர்ப் பயிற்சித் தளத்துக்கு அனுப்பிடுங்க."

"பிள்ளைங்க சார்?"

"அங்க இடம் கிடைச்சா பார்க்கலாம்மா."

கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

சங்கத்தார் தலைவரின் முதுகில் தட்டினார்கள். அவர் யாருக்கும் கை கொடுக்காமல் விறுவிறுவென்று வெளியே போனார்.

அவள் வாசலுக்கு வந்து கார் கதவில் சாய்ந்து நின்றாள். அழக்கூடத் தெம்பில்லை. தலைவர் எதிரே வந்து நின்றபோது நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"அதான் ஜெயிச்சிட்டீங்களே. இன்னும் என்ன வேணும்?"

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"நம்ம பொண்ணுகிட்ட நீயே சொல்லிடேன்."