மூன்று பேருக்கு ஒரு மணி

உப்பளத்தில் எங்கள் பாத்தியில் மூன்று பேர். ஒவ்வொருவர் கணுக்காலிலும் கழற்ற முடியாதபடி ஒரு மணியைப் பூட்டியிருந்தார்கள். உச்சிவெயிலில் உப்பு கண்ணைக் கூசவைக்கும். அதனால் காவல்காரன் கண்களில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு, கொட்டகை நிழலில் உட்கார்ந்து, காதாலேயே எங்களைக் காவல் காப்பான்.

செங்கேணி களிமண்ணை எடுத்துத் தன் மணிக்குள் அடைத்தாள். சத்தம் நின்றது.

"போயிடலாம்ணா," என்றாள் மெதுவாக.

"அவன் மண்டையில ஒண்ணு போட்டுட்டுப் போவலாம்," என்றான் பொன்னுரங்கம், தன் மணியை அடைத்துக்கொண்டே.

"அவன் மண்ட எதுக்கு? என் காலு எனக்குக் கெடச்சா போதும்."

நான் வரவில்லை என்றேன். "முட்டி தேஞ்சுபோச்சு. இங்க கஞ்சியாவது ஊத்துறான்."

"அண்ணனுக்கு இந்த மணி வெள்ளிக் கொலுசு," என்று சிரித்தான் பொன்னுரங்கம்.

இருவரும் வரப்பில் ஏறி நடந்தார்கள். காவல்காரனின் தலை நிமிர்ந்தது. கை கண்துணிக்குப் போனது.

நான் உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு, மூன்று பேர் நடமாடுவதுபோல் காலை உதறி உதறிப் பாத்தியைச் சுற்றினேன். அவன் கை இறங்கியது.

அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளையில் இரண்டு புள்ளிகள் தெரிந்தன. பிறகு ஒன்று. பிறகு வெள்ளை மட்டும்.

"என்னடா, இன்னிக்கு மூணு பேரும் இவ்ளோ சுறுசுறுப்பு?"

"ஆமாங்கய்யா," என்றேன். முட்டி வலித்தது. எப்போது நிறுத்தலாம் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.