வெள்ளைக் கோடு

கீழ்க்கதவின் ஷட்டரை ஹேண்டில் போட்டுச் சுற்றித் தூக்கினாள் கெய்னர். தொட்டியில் நின்ற தண்ணீர் கீழ்க் கால்வாய்க்குள் இரைந்துகொண்டு ஓடியது. இரண்டு கதவுகளுக்கும் நடுவே நின்ற அவர்களுடைய நீளப் படகு மெல்ல இறங்க ஆரம்பித்தது.

பின்முனையில் சுக்கானைப் பிடித்தபடி அவள் கணவன் ட்ரெவர் நின்றான்.

படகை மேல் கால்வாயிலிருந்து கீழ்க் கால்வாய்க்கு இறக்கிவிடும் இந்தத் தொட்டிக்கு லாக் என்று பெயர். யார் துணையும் இல்லாமல் அவர்கள் இறங்கும் முதல் லாக் இது.

படகை விற்றவன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். மேல்கதவுக்கு அடியில், தண்ணீருக்குள், ஒரு கல்திட்டு இருக்கிறது. அது எதுவரை நீள்கிறது என்று சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். படகின் பின்முனை அந்தக் கோட்டுக்கு முன்னாலேயே நிற்க வேண்டும். பின்னால் நகர்ந்தால் திட்டில் மாட்டிக்கொள்ளும். பின்பக்கம் மேலேயே தங்கிவிட, முன்பக்கம் தண்ணீரோடு இறங்கும். அப்புறம் படகு இல்லை.

"ஏறுறப்ப தப்புப் பண்ணா நனைவீங்க. இறங்குறப்ப தப்புப் பண்ணா முழுகிடுவீங்க" என்று சிரித்துக்கொண்டேதான் சாவியைக் கொடுத்தான்.

படகு போனால் எல்லாம் போச்சு. வீட்டை விற்றுத்தான் இதை வாங்கினார்கள்.

வாங்கியது ட்ரெவரின் ஆசைக்காக. அவன் வாய்விட்டுக் கேட்கவில்லை. இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு முகத்தைப் பார்த்தால் தெரியாதா? அவளேதான் கேட்டாள், வீட்டை விற்றுவிட்டுப் படகில் போய்விடலாமா என்று. அவனும் மறுபேச்சில்லாமல் சரி என்றான். பார்த்தாயா, எப்படிக் கண்டுபிடித்தேன் என்று அவளுக்கு ஒரே பெருமை.

வந்த நாளிலிருந்து அவள் படும் பாடு அவளுக்குத்தான் தெரியும். விடிந்தால் ஜன்னலிலிருந்து தலையணையில் நீர் சொட்டும். கரி அடுப்பு நினைத்தபோது அணைந்துவிடும். கக்கூஸ் பெட்டியைத் தாங்களே தூக்கிக்கொண்டு போய்க் கொட்ட வேண்டும். விற்றுவிட்ட வீட்டில், கால் நீட்டிக் குளித்த தொட்டியை நினைத்து ஒரு நாள் அழுதேவிட்டாள். ட்ரெவர் எதிரில் மட்டும் சிரித்த முகம்.

இப்போது அவள் கண்ணில் பட்டது.

வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால் இருந்தது படகின் பின்முனை.

கத்த வேண்டும். ஷட்டரை இறக்க வேண்டும். இரண்டும் அவளுக்குத் தெரியும்.

போனால் போகட்டுமே என்று தோன்றியது. ஒரே ஒரு மூச்சு நேரம். இது தொலைந்தால் கரைக்குப் போய்விடலாம். அந்த ஒரு மூச்சில், அதன்மேல் ட்ரெவர் நிற்கிறான் என்பதே பாவிக்கு நினைவில்லை.

இரும்பு கல்லில் உரசிக் கிறீச்சிட்டது. பின்பக்கம் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. முன்பக்கம் மட்டும் இறங்கியது. உள்ளே தட்டுகளும் கோப்பைகளும் சரிந்து உடைந்தன. ட்ரெவர் சுக்கானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சாய்ந்தான்.

"ட்ரெவர்!" என்று அலறினாள் கெய்னர்.

அடுத்த முறைக்காக மேலே காத்திருந்த படகிலிருந்து ஜோசி என்ற பெண் குதித்தாள். கையிலிருந்த தேநீரைப் புல்லில் வீசிவிட்டு ஓடிவந்தாள்.

"என்னம்மா வேடிக்கை பாக்குற! கீழ மூடு! மூடும்மா!" மேல்கதவின் ஷட்டரை அவளே சரசரவென்று சுற்றித் திறந்தாள்.

கெய்னர் மூடினாள். மேலிருந்து தண்ணீர் பாய்ந்து தொட்டி நிரம்ப, படகின் மூக்கு கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது. கடைசியில் தொம்மென்று திட்டிலிருந்து விடுபட்டு மிதந்தது. பிழைத்தது.

ஜோசி ட்ரெவர் பக்கம் திரும்பினாள். "கண்ணு என்னய்யா, பிடரியிலயா இருக்கு? கோட்டைப் பாக்கவேண்டியது நீதானே?"

"என் தப்புதாங்க."

"புதுசா? சரி விடு. எல்லாரும் ஒரு தடவை மாட்டுவாங்க. ரெண்டாந்தடவை மாட்டுறதுக்குத்தான் படகு இருக்காது." அவள் தன் படகுக்கு நடந்தாள்.

கெய்னர் படகில் ஏறி உள்ளே இறங்கினாள். ட்ரெவர் படியில் உட்கார்ந்து உடைந்த பீங்கானைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். அவன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டது அவளைக் கொன்றது.

"தப்பு உன்னோடது இல்ல. கோடு எனக்குத் தெரிஞ்சுது. நான் கத்தல."

அவன் நிமிரவில்லை. "எனக்கும் தெரிஞ்சுது. முன்னால நகத்தியிருக்கலாம். கைய எடுத்துட்டேன்."

"ஏன்?"

"போனா போகட்டும்னு தோணிடுச்சு கெய்னர். நீ இவ்வளவு ஆசைப்பட்டு வந்திருக்க, எனக்கு இந்தப் புத்தி."

"நானா ஆசைப்பட்டேன்? கால்வாய்ப் பாலத்துல ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நாம நடக்கப் போறப்ப நின்னு படகையே பாத்துக்கிட்டிருந்தது யாரு?"

அவன் கையிலிருந்த பீங்கான் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தான்.

"முட்டி வலிம்மா. உன் வேகத்துக்கு நடக்க முடியல. சொன்னா நீயும் நடைய விட்டுடுவ. அதான் படகைப் பாக்குற மாதிரி கொஞ்சம் நின்னுக்குவேன்."

கெய்னருக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

வெளியே ஜோசியின் குரல் கேட்டது. "கெளம்புறீங்களா, இல்ல இங்கயே குடித்தனமா? பின்னால நாங்க நிக்கிறோம்ல!"

"இப்ப எப்படி இருக்கு முட்டி?" என்று கேட்டாள். என்றைக்கோ கேட்டிருக்க வேண்டியது.

"இதுல ஏறி இறங்குறதுல இன்னும் மோசம்."

அவர்கள் விற்றுவிட்ட வீட்டில் ஒரு படிகூடக் கிடையாது.