சலுகை

கல்லூரித் தேர்வில் யோகப்பிரியாவுக்குக் கூடுதல் நேரச் சலுகை வேண்டுமென்றால், கற்றல் குறைபாடு இருப்பதாகச் சான்றிதழ் வேண்டும். கொழிஞ்சாம்பாறையிலிருந்து அவளைக் கூட்டி வந்திருந்த அப்பா கந்தப்பன், டாக்டரின் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"இத்தனை எழுத்து மாறி மாறி விழுது. ஸ்கூல்ல யாரும் கவனிக்கலையா?" என்றார் அவள் எழுதிய தாளைப் பார்த்த டாக்டர் ஸ்ரீலேகா.

"சோம்பேறின்னு சொல்லி தெனமும் பெஞ்சு மேல நிக்க வெச்சாருங்க, வகுப்பு வாத்தியாரு" என்றார் கந்தப்பன்.

"அந்த ஆளைச் சும்மாவா விட்டீங்க?"

அவர் தலை குனிந்தார்.

"சரி, சின்ன வயசிலிருந்தே இந்தச் சிரமம் உண்டுன்னு அவரே எழுதித் தரணும். எங்க இருக்கார்?"

"ரிட்டயராகிப் போயிட்டாருங்க மேடம். எங்க இருக்காருன்னு தெரியலீங்க" என்று யோகப்பிரியா முந்திக்கொண்டாள்.

"நானே எழுதித் தர்றேனுங்க" என்றார் கந்தப்பன்.

"அப்பா எழுதினா செல்லாதுங்க. வாத்தியார்தான் எழுதணும்" என்றார் டாக்டர்.

கந்தப்பன் மகளைப் பார்க்காமல் சொன்னார்: "அந்த வாத்தியாரு நாந்தானுங்க. எம்புள்ளைக்கு மட்டும் சலுகை காட்டறேன்னு ஒருத்தரும் சொல்லிறக் கூடாதுன்னு…"