முப்பத்திநாலு பல்

மேட்டில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளியிருக்கிறீர்களா, அதுவும் உங்கள் சம்சாரம் முன்னால் அலுங்காமல் ஏறிப் போய்க்கொண்டிருக்கும்போது?

வெங்கடபதி இரண்டு வருஷமாக, ஞாயிறு தவறாமல் தள்ளிக்கொண்டிருந்தார்.

மருதமலை ரோட்டில் மூன்றாவது வளைவு வந்தால் அவர் கால் தானாகத் தரைக்கு வந்துவிடும். வரலட்சுமி திரும்பிப் பார்த்து, மெதுவாக வாங்க என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அவர் வேர்த்து விறுவிறுத்து மேலே போய்ச் சேரும்போது அவள் டீயைக் குடித்து முடித்திருப்பாள்.

போன ஞாயிறு அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த வாரமும் இறங்கினால் சைக்கிளையே விற்றுவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

ஒரு தடவையாவது அவளோடு சேர்ந்தே மேலே போய், சேர்ந்தே ஒரு டீ குடிக்க வேண்டும். அதை மட்டும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை, கோட்டைமேட்டில் ஷேக் பரீத்தின் சைக்கிள் கடையில் ஒரு டப்பாவோடு நின்றார். ஆன்லைனில் வாங்கிய கேசட். பின்சக்கரத்தில் மாட்டுகிற பல்சக்கர அடுக்கு. அவருடையதில் இருப்பது எட்டு கியர், இதில் பதினொன்று. எட்டைவிடப் பதினொன்று பெரிசுதானே.

பரீத் டப்பாவைத் திறந்து பார்த்தார். மூடினார்.

"மாட்டலாமுங்ணா. ஓடாது."

எட்டு கியர் லீவர் எட்டுக்கான அளவில்தான் வயரை இழுக்குமாம். பதினொன்றில் பல்சக்கரங்கள் நெருங்கி நிற்குமாம். செயின் எதிலும் சரியாக உட்காராமல் கடகடவென்று அடித்துக்கொண்டே இருக்குமாம். லீவர், செயின், இன்னும் இரண்டு சாமான் மாற்றினால் ஓடும். அதெல்லாம் வரப் பத்து நாள் ஆகும்.

நாளைக்கு ஞாயிறு.

மேட்டுக்கு எத்தனை கியர் என்பது கணக்கில்லை, பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல் என்பதுதான் கணக்கு என்றார் பரீத். வெங்கடபதியுடையதில் இருபத்தெட்டு. முப்பத்திநாலு வேண்டும். எட்டு கியரிலேயே அது உண்டு. ஆனால் கடையில் தீர்ந்துவிட்டது.

வெங்கடபதி டப்பாவைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

பரீத் அவரைப் பார்த்தார். உள்ளே சர்வீஸுக்கு நின்ற சைக்கிள்களைப் பார்த்தார். போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார். திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஒண்ணு இருக்குதுங்ணா, ஓடுனதுதான். ஓனர் குடுத்தர்றேன்னுட்டாங்க. ஆனா செயினும் அதோடதான் வரும். ரெண்டும் ஒண்ணாவே ஓடித் தேஞ்சது, பிரிச்சா வழுக்கும்."

பதிலுக்கு இவருடைய பழைய கேசட்டையும் செயினையும் விட்டுவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். அந்த உதவாததை வாங்கிக்கொள்கிற ஏமாளி யார் என்று கேட்டார் வெங்கடபதி. ரொம்ப நாள் கஸ்டமர் என்று சொல்லிவிட்டு பரீத் ஸ்பானரைத் தேடப் போய்விட்டார்.

ஒரு மணி நேரத்தில் வண்டி தயார்.

வடவள்ளி வரைக்கும் சமதரை ரோட்டிலேயே எட்டு கியரையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு சத்தம் இல்லை. சிக்னலில் நின்ற ஆட்டோக்காரரிடம்கூட முப்பத்திநாலு பல் என்று சொன்னார். அவரும் சரிங்க என்றார்.

சாயங்காலம் வரலட்சுமி, பரீத் கடையில் பிரேக் பார்க்க விட்டிருந்த தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தாள். வெங்கடபதி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் வண்டியின் பின்சக்கரத்தைத் தூக்கி, பெடலைச் சுற்றி, ஒவ்வொரு கியராக அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

அவள் குனிந்து கடைசிவரை பார்த்தாள்.

"ஏனுங்க, நாளைக்கு என்னைய உட்டுப்போட்டுப் போயிராதீங்க."

பார்க்கலாம் என்றார் பெருந்தன்மையாக.

மறுநாள் காலை ஏழேகாலுக்கு இரண்டு பேரும் ஒன்றாக மேலே போய்ச் சேர்ந்து இரண்டு டீ சொன்னார்கள். வரலட்சுமிக்குத்தான் மூச்சு வாங்கியது. அவளுடைய பின்சக்கரத்தில் இருந்தது அவருடைய பழைய கேசட்.