கந்தர்வனின் எடை

மூவாயிரம் முறை மேடையேறிய இசை நாடகம் அது. மூன்றாம் காட்சியில் கந்தர்வன் பறப்பார். அவர் மேலே போக, திரைக்குப் பின்னால் அவர் எடைக்குச் சமமான மணல் மூட்டைகள் கீழே இறங்க வேண்டும். கந்தர்வனாக நடிக்கும் ஆராவமுதன் முதல் நாள் சொன்ன எடை அறுபத்திரண்டு கிலோ. பத்தொன்பது வருடமாக அதே அறுபத்திரண்டுதான். பழைய கயிற்றுக்காரர் வாயைத் திறக்காமல் அவ்வப்போது ஒரு சிறு மூட்டையைச் சேர்த்து வந்தார். இன்று அவருக்குக் காய்ச்சலாம். ஆராவமுதன் நம்பவில்லை.

“ஐயா, வெயிட் எவ்வளவுங்க?” என்று எல்லார் முன்னாலும் கேட்டான் புதிய கயிற்றுக்காரன்.

எழுபதைத் தாண்டினால் வேடம் போய்விடும் என்பது முதலாளி போட்ட சட்டம். அந்த வேடத்துக்காக எட்டு வருடமாகக் காத்திருக்கும் கதிரேசன் பக்கத்திலேயே நின்றான்.

“அறுபத்திரண்டு.”

“பார்த்தா அப்படித் தெரியலையே?”

“நகை கனம்யா. கட்டு!”

“நான் சரியா அறுபத்திரண்டுண்ணே” என்றான் கதிரேசன், யாரும் கேட்காமலே. இந்தக் கயிற்றுக்காரனைக் கூட்டி வந்தது யார் என்று ஆராவமுதன் யோசிப்பதற்குள் திரை விலகியது.

மேகத்தைக் கடந்துவிட்டதாக அவர் உச்சஸ்தாயியில் பாடினார். கயிறு விறைத்தது. கால்கள் பலகையை விட்டுக் கிளம்பவில்லை. திரையோரத்தில் கதிரேசன் நிதானமாகச் சிறகைக் கட்டிக்கொண்டிருந்தான்.