மோரிஸுக்கு ரெண்டு ரிம்

"யாருய்யா அது, என் வண்டிச் சக்கரத்தாண்ட முட்டி போட்டுகினு கீறது?"

நூம்பலில் தன் வீட்டு வாசலில் மாடுகளை அவிழ்த்து விட்டிருந்த டயர் வண்டியைப் பார்த்துத்தான் வேம்புலி கேட்டார். அங்கே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், சர்ச்சில் முட்டி போடுகிற மாதிரியே பயபக்தியோடு முட்டி போட்டு, ஓட்டை போட்ட ஓர் அட்டையைச் சக்கரத்தின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரத்தின் நாலு போல்ட்டும் அட்டையின் நாலு ஓட்டைக்குள் கச்சிதமாக வந்து உட்கார்ந்தன. அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

"கெடச்சிடுச்சி அண்ணாத்தே" என்றார். "பதினெட்டு நாளா இதைத்தான் தேடிகினு கீறேன்."

அவர் பெயர் கிறிஸ்துதாஸ். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்டோர் கீப்பர். குமணன்சாவடியில் அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய மோரிஸ் மைனர் கார் நின்றிருந்தது. மாமனார் கொடுத்தது. பின்சக்கரங்கள் இரண்டிலும் ரிம் துருப்பிடித்து, தொட்டால் அப்பளம் மாதிரி உதிர்ந்தது.

அது பாட்டுக்கு நின்றிருக்கும். ஆனால் கிறிஸ்துதாஸுக்கு வாய் சும்மா இருக்காதே. மகளுக்கு நிச்சயம் செய்ய வந்த ஆவடி சம்பந்தி, கல்யாணத்தன்று பெண்ணை அழைத்துவரக் கார் அனுப்பட்டுமா என்று மரியாதையாகத்தான் கேட்டார். எங்களுக்குச் சொந்தக் கார் இருக்கிறது, பெண் அதில்தான் சர்ச்சில் வந்து இறங்கும் என்று முப்பது பேர் முன்னால் இவர் சொல்லிவிட்டார். வருகிற புதன்கிழமை கல்யாணம். கார் வரவில்லையென்றால் மகள் புகுந்த வீட்டில் காலம் பூராவும் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கல்யாணப் பத்திரிகை வந்த பெட்டியைக் கிழித்து, காரின் சக்கரம் மாட்டும் இடத்தில் வைத்து அளவெடுத்துக்கொண்டு கிளம்பினார். புதுப்பேட்டையில் ஒரு நாள், பூந்தமல்லி ஒர்க்ஷாப்புகளில் நாலு நாள். ஒரு ரிம்மில் அஞ்சு ஓட்டை. இன்னொன்றில் நாலுதான், ஆனால் ஒரு விரற்கடை தள்ளி. மூன்றாவதில் ஓட்டையெல்லாம் சரி, அகலம் அதிகமாகி மட்கார்டில் உரசியது. ரிம் மட்டும் கிடைத்துவிட்டால் போதுமா என்று மனைவி சாராள் ராத்திரி சாப்பாட்டோடு சேர்த்து ஒரு கேள்வியும் போட்டாள். முதலில் ரிம், மற்றது பிறகு என்று சொல்லிவிட்டு அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்.

இன்று காலை பஸ்ஸுக்கு நின்றபோது வேம்புலியின் வண்டி செங்கல்லோடு கடந்து போனது. சக்கரத்தைப் பார்த்ததும் பஸ்ஸை விட்டுவிட்டு வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்துவிட்டார்.

வேம்புலி ஒரேயடியாக முடியாது என்றார். செங்கல் சூளைக்காரன் விடமாட்டான், சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தான் என்ன தலையில் சுமப்பதா என்றார். கிறிஸ்துதாஸ் விடவில்லை. செவ்வாய்க்கிழமை மாட்டி, வியாழக்கிழமை கழற்றிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். மூன்று நாள் வாடகையைத் தானே கொடுப்பதாகவும், வேம்புலி குடும்பத்தோடு பிரியாணிக்கு வர வேண்டும் என்றும் சொன்னார்.

வேம்புலி கொஞ்சம் இளகினார். "காரு நல்லா ஓடுமா சார்?"

"ரிம்மு மட்டும் மாட்டட்டும். அன்னிக்கு ஊரே நின்னு பாக்கும்."

"பெட்ரோலு ரொம்பக் குடிக்குமோ?"

"ஒரு சொட்டு கெடையாது அண்ணாத்தே. சத்தமும் வராது."

வெள்ளைக்காரன் வண்டி என்றால் சும்மாவா என்று வேம்புலி வியந்துபோனார். கிறிஸ்துதாஸ் அந்த நேரம் பார்த்து மாடுகளைத் தட்டிக்கொடுத்தார். காரியம் ஆக வேண்டியவர் மாட்டைப் புகழ்வது உலக வழக்கம்தானே. பொங்கலுக்குக் கொம்பில் அடித்த நீலம் எடுப்பாக இருக்கிறது, தன் காரும் அதே நீலம்தான் என்றார். பேண்டு வாத்தியத்துக்கு மிரளுமா என்றுகூட அக்கறையாக விசாரித்தார்.

"மெயின் ரோட்டுல லாரி ஆரன் அடிச்சாலே திரும்பிப் பாக்காதுங்க" என்று வேம்புலி பெருமையோடு சொன்னார். தன் பிள்ளைகளைப் புகழ்ந்தால்கூட அவருக்கு முகம் அப்படி மலர்ந்திருக்காது. "சரி, பொண்ணு கல்யாணம்னு சொல்ட்ட. எடுத்துகினு போ."

செவ்வாய்க்கிழமை காலை இருவருமாகச் செங்கல்லை அடுக்கி வண்டியை அதன் மேல் நிறுத்தினார்கள். சக்கரங்களைக் கழற்றினார்கள். கிறிஸ்துதாஸ் அவற்றைக் கூலிக்குப் பிடித்து வந்த ரிக்‌ஷாவில் ஏற்றினார். சக்கரம் இல்லாத வண்டியையும் அதன் பக்கத்தில் நின்ற மாடுகளையும் பார்க்கப் பார்க்க வேம்புலிக்கு மனசு கேட்கவில்லை.

"நீ பாட்டுக்குக் காருல ஜம்முனு போயிடுவ" என்றார். "நாளைக்கு இதுங்க ரெண்டும் வேலையில்லாம நின்னுகினு என் மூஞ்சியவே பாத்துகினு இருக்கும். அத நெனச்சாதான் சார் கஷ்டமா கீது."

ரிக்‌ஷாவில் ஏறப்போன கிறிஸ்துதாஸ் இறங்கி வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, வேம்புலியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அதுங்க ஏன் சும்மா நிக்கணும் அண்ணாத்தே? நல்லா குளிப்பாட்டி, காலைல எட்டு மணிக்கெல்லாம் நம்ம ஊட்டுக்கு ஓட்டிகினு வந்துடுங்க. காருல எஞ்சினு இல்ல."